பால் வரும் இடம் வரை

அந்தமானுக்கு ஆட்களைத் தண்டனையாக அனுப்பும் வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். என் மனைவி அப்படி நினைக்கவில்லை. போர்ட் பிளேரில் காண்டிராக்ட் வேலை செய்யும் அவளுடைய தம்பி சங்கரனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அவன் மனைவி பிள்ளைகளின் பரீட்சைக்காகத் திருநெல்வேலியில் இருந்தாள். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். "நீங்க சும்மாத்தானே இருக்கீங்க" என்றாள் மனைவி. என் எழுத்து வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விமரிசனத்தை அதுவரை யாரும் எழுதியதில்லை. தண்டனைக் காலம் பதினைந்து நாள்.

சுனாமி வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், தீவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், "மெயின்லேண்டா?" என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். "அதான், மெயின்லேண்டு" என்று முடித்துவிட்டார். திருநெல்வேலி, டெல்லி, காஷ்மீர் எல்லாம் அவர்களுக்கு ஒரே ஊர். கப்பல் கிளம்பி வரும் ஊர். இங்கே அரிசி, உருளைக்கிழங்கு, பல் டாக்டர், மாப்பிள்ளை எல்லாம் அங்கிருந்து வருவதுதான்.

சங்கரன் ஷாதிபூர் வீட்டில் ஆஸ்பத்திரிப் பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தான். பையில் மூன்று போர்வை, ஒரு ஊறுகாய் பாட்டில், சாமி படம். "அத்தான், ஒருவேளை ஏதாவது ஆயிட்டா அக்காகிட்ட சொல்லுங்க..." என்று ஆரம்பித்தான். மூன்று சின்ன ஓட்டை போட்டு, குழாய் விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே வலை வைத்துத் தைக்கிற ஆபரேஷன். மறுநாளே நடந்து போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சங்கரன் அதை மட்டும் நம்ப மறுத்தான்.

இரண்டாம் நாள் ஆபரேஷன் முடிந்து, ஆண்கள் வார்டில் அவனைக் கொண்டுவந்து போட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் முனக ஆரம்பித்தான்.

"அத்தான், மூச்சு விட்டா இழுக்குது."

"விடாதே" என்றேன்.

அடுத்த கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் களுக்கென்று சிரித்தாள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. மூக்குத்தி. "தப்பா எடுத்துக்காதீங்கய்யா. ஒங்க மச்சினன் புள்ள பெத்தவ மாதிரில்ல மொனகுறாரு. எங்க லயத்துல புள்ள பெத்தவகூட இப்பிடி மொனகி நான் பாத்ததில்ல."

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அவள் பெயர் ராமாயி. கட்டிலில் படுத்திருந்தவர் அவள் கணவர் கருப்பையா. இருவரும் சின்ன வயதில் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேற்றப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறக்கப்பட்டவர்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பால்வெட்டு வேலை, மரப்பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுப்பது. கச்சாலிலிருந்து போர்ட் பிளேருக்கு இரண்டு நாள் கப்பல். கப்பல் வர வேண்டும், கடல் அமைதியாக இருக்க வேண்டும், டிக்கெட் கிடைக்க வேண்டும். மூன்றும் ஒரே நாளில் அமைவது கல்யாணத்துக்கு ஜாதகம் பொருந்துவதைவிடக் கஷ்டம் என்றாள் ராமாயி.

கருப்பையாவின் இடது கால் முழங்கால்வரை துணியால் மூடியிருந்தது. மூடினாலும் வாசனை மூடவில்லை. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அதைவிட அப்பட்டமாகப் பார்ப்பதற்கு வேறு வழியில்லை. ராமாயியே சொன்னாள்.

"மூங்கக் குச்சி குத்தியிருக்குய்யா, கட்ட வெரலுக்கும் அடுத்த வெரலுக்கும் நடுவுல. இவருக்குத் தெரியவே இல்ல. நாந்தான் ரத்தத்தப் பாத்துட்டுச் சொன்னேன். நாங்க கை கால்ல வெட்டுப் பட்டா ரப்பர் பால் ரெண்டு சொட்டு வுட்டுக்குவோம். ஒரு நிமிசத்துல தோலு மாதிரி மூடிக்கும். தண்ணி போவாது, மண்ணு போவாது. காலங்காலமா அப்பிடித்தான். அதையே செஞ்சாரு."

"அப்புறம்?"

"மூடிக்கிச்சு. நல்லாத்தான் மூடிக்கிச்சு."

மேலே பளபளவென்று ரப்பர்த் தோல். உள்ளே பதினைந்து நாளாகச் சீழ். வலி இருந்திருந்தால் பிய்த்துப் பார்த்திருப்பார். வலியே இல்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது கப்பலேறி வந்து இங்கே ரத்தம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. காலின் உணர்ச்சி எப்போதோ போயிருந்தது. நாற்றம் வந்தபோது ராமாயி உரித்திருக்கிறாள். அன்றைக்கே கப்பலுக்குப் பெயர் கொடுத்து, ஆறாம் நாள் இடம் கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை, ரவுண்ட்ஸ் வந்தார் டாக்டர். மண்டல் என்று பெயர். வடக்கு அந்தமானில் குடியேறிய வங்காளிக் குடும்பத்தில் பிறந்த பெண், முப்பத்தைந்து வயது, கையில் எப்போதும் பாதி குடித்த டீ. சங்கரனை இரண்டு நொடி பார்த்தார். "எழுந்து நடங்க" என்றார் இந்தியில். சங்கரன் கண்ணை மூடிக்கொண்டான்.

பிறகு கருப்பையாவின் கால் மேலிருந்த துணியை விலக்கினார். கட்டை விரல் கறுத்திருந்தது. அடுத்த விரல் கறுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க தமிழ்தானே? இவருக்குப் புரியும்படி சொல்லுங்க" என்றார். நான் பள்ளி நாட்களில் மூன்று இந்திப் பரீட்சை பாஸ் பண்ணியவன். பெருமையோடு தொண்டையைக் கனைத்தேன். டாக்டர் நான்கு வாக்கியம் பேசினார். எனக்கு அதில் 'விரல்', 'வாரம்' இரண்டும் பிடிபட்டன.

"நீங்க செரமப்படாதீங்கய்யா" என்று ராமாயி எழுந்து, கடகடவென்று தீவு இந்தியில் டாக்டரிடம் பேச ஆரம்பித்தாள். கருப்பையாவும் பேசினார். என் மூன்று சர்டிபிகேட்டும் வீட்டு அலமாரியில் வெட்கப்பட்டிருக்கும். பிறகு ராமாயி எனக்கே மொழிபெயர்த்தாள்.

டாக்டர் சொன்னது இது: "இன்னிக்கு ரெண்டு விரல் கேக்கறேன். தள்ளிப் போட்டா அடுத்த வாரம் முழங்கால் பக்கத்துல வந்து கேப்பேன். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க."

கருப்பையா சந்தையில் கேட்பதுபோல் கேட்டார். "ஒரு வெரலு?"

"ரெண்டு."

"கட்ட வெரல வுட்டுட்டு மத்த நாலையும் எடுத்துக்கிட்டா?"

டாக்டர் சிரிக்கவில்லை. டீயை ஜன்னலில் வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார். கருப்பையா தலையை ஆட்டி, "கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

அன்று மாலை நான் அவரிடம் பேசிப் பார்த்தேன். உயிர் முக்கியம், விரல் என்ன பிரமாதம் என்றேன். பத்து விரலும் உள்ளவன் சொல்லக்கூடிய வாக்கியம்.

"சார், எங்க மரமெல்லாம் சரிவுல நிக்கிது" என்றார் அவர். "விடியக்குள்ள முந்நூறு மரம் ஏறி வெட்டணும். மழைக்கி அது சோப்பு மாதிரி. கட்ட வெரல ஊனித்தான் நிக்கிறது. அது இல்லாதவன் பெரட்டுல பேரு குடுத்து என்னா செய்ய?" பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணும் இடம். "சுனாமி அன்னிக்கி மேல் மரத்துல நின்னேன். கீழ தண்ணி வந்திருச்சி. இவளக் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டு அந்தச் சரிவுலதான் ஏறினேன். இந்த வெரலாலதான் ஏறினேன்."

"யாரு யார இழுத்தா?" என்றாள் ராமாயி. "மரத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டு கடல வேடிக்க பாத்துக்கிட்டு நின்னாரு. நாந்தான் சட்டையப் புடிச்சி இழுத்தேன். கிழிஞ்ச சட்ட இன்னும் இருக்கு."

அந்த நாளைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான். லயத்தில் மற்ற யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று நானும் கேட்கவில்லை.

கருப்பையாவின் அண்ணன் பெரார்கஞ்சில் இருந்தார். அவர் சொன்னால் தம்பி கேட்பார் என்று ராமாயி நம்பினாள். நான்காம் நாள் காலை அவளோடு நானும் பஸ் ஏறினேன். பெரிய தயாள குணம் என்று நினைக்க வேண்டாம். வார்டில் இருந்தால் சங்கரனுக்கு முதுகு சொறிய வேண்டும்.

பஸ்ஸில் இந்தியும் வங்காளமும் தெலுங்கும் ஒரே சீட்டில் மூன்று பேராக உட்கார்ந்திருந்தன. முன்னால் ஒரு கூடைக் கோழி. சிப்பிகாட் தாண்டுமுன் வண்டி ஒரு முறை தும்மி நின்றது. டிரைவர் இறங்கி எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, சாலையோரக் கடைக்குப் போய்ப் பூரி சாப்பிட ஆரம்பித்தார். அதுதான் பழுது பார்க்கும் முறை போலிருக்கிறது என்று நாங்களும் சாப்பிட்டோம். பூரியும் உருளைக்கிழங்கும் பிரமாதம். பிறகு ஒரு ஜிலேபி. பிறகு இன்னொன்று, முதலாவது தனியாக இருக்க வேண்டாமே என்று.

கடைக்குப் பின்னால் ஏரி மாதிரி தண்ணீர். நடுவில் பட்டுப்போன தென்னை மரங்கள் மொட்டையாக நின்றன. ஏரி இல்லை, வயல் என்றார் கடைக்காரர். பூகம்பத்தில் நிலம் இறங்கி, கடல் உள்ளே வந்து, போகவே இல்லையாம். அவருடைய வயலும் அதில்தான் எங்கோ இருக்கிறது. "அப்ப இத என்ன செஞ்சீங்க?" என்று ராமாயி இந்தியில் கேட்டாள். "என்ன செய்ய? கொஞ்ச வருஷம் காத்திருந்தோம், தண்ணி இறங்கும்னு. பக்கத்து மேட்டையும் உப்பு தின்னுச்சு. அப்புறம் வரப்பு போட்டு அடைச்சு, மிச்சத்தைக் காப்பாத்தினோம்." ராமாயி பூரியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் கை கழுவிவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பிவிட்டது. எஞ்சினுக்கும் பசிதான் போல.

பெரார்கஞ்சில் அண்ணன் வீட்டில் இல்லை. முந்தின நாள்தான் லிட்டில் அந்தமானுக்குக் கப்பலேறியிருந்தார். வர ஒரு வாரம் ஆகும். அண்ணி எங்களை உட்காரவைத்துத் தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். கூடவே பால் கலக்காத தேயிலைச் சாயம், உள்ளங்கையில் ஒரு குவியல் சீனி. சீனியை நக்கிக்கொண்டே சாயத்தைக் குடிக்க வேண்டும். மலைத் தோட்டத்து வழக்கம் கடல் தாண்டி இங்கேயும் வந்துவிட்டது. நான் கையை நக்குவதைப் பார்த்த ராமாயி, தன் உள்ளங்கைச் சீனியைத் திரும்பக் கிண்ணத்தில் கொட்டினாள். "இந்தப் பழக்கம்தான்யா அவரு கால்ல வந்து நிக்கிது" என்றாள். எனக்கு வழியில் தின்ற ஜிலேபி இரண்டும் ஞாபகம் வந்தன.

திரும்பி வரும் பஸ்ஸில், அந்த மொட்டைத் தென்னைகள் கண்ணிலிருந்து மறையும்வரை அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்டுக்குள் நுழையும்போது மணி நான்கு. ராமாயி பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"அண்ணன் ஊர்ல இல்ல."

கருப்பையாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"இந்தாங்க. நம்ம ஏழாம் நம்பர் மலையில மூணு மரம் பட்ட காஞ்சு போச்சே. என்னா செஞ்சீங்க?"

"மூணு இல்ல, நாலு."

"சரி, நாலு. என்னா செஞ்சீங்க?"

"சுரண்டினேன்."

"எது மட்டும்?"

"பால் புள்ளி தெரியிற மட்டும்."

"சுரண்டாம வுட்டிருந்தா?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். சங்கரன்கூட முனகுவதை நிறுத்திவிட்டான்.

"கேக்குறேன்ல? வுட்டிருந்தா?"

"சுத்தி முழுக்கக் காஞ்சிரும்."

"கத்தியால தொடக் கூடாதுன்னு அந்த மரம் சொல்லிச்சா?"

கருப்பையா துணி மூடிய காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தம்மாவுக்குப் பட்ட பாக்கத் தெரியுமா?"

நான் ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தேன். வழியில் இந்தியில் விளக்க முயன்றேன். அவர் ஏதோ மரத்தில் தீப்பிடித்துவிட்டது என்று பயந்து வேகமாக வந்தார். அந்த வகையில் என் இந்தியும் பயன்பட்டது.

அதன் பிறகு நடந்த பேச்சை எனக்குப் புரிந்தவரை, பிறகு ராமாயியிடம் கேட்டுத் திருத்தி எழுதுகிறேன்.

"எங்க நிறுத்துவீங்க?" என்றார் கருப்பையா.

"ரத்தம் வர்ற இடத்துல. செத்த சதை ரத்தம் விடாது. நல்ல ரத்தம் வந்த உடனே கத்திய வெச்சுடுவேன்."

"வர்றதுக்கு முன்னால நிறுத்தக் கூடாது. பாவம் பாத்துப் பாதியில விட்டா அது திரும்பப் புடிக்கும்."

"நிறுத்த மாட்டேன்."

"வந்த பின்னால ஒரு நூல்கூட உள்ள போகக் கூடாது. உள்மரத்துல கத்தி பட்டுட்டா அந்த எடம் பட்டை கட்டாது, முண்டு முண்டாப் போயிரும்."

"போக மாட்டேன். நீங்க எத்தனை வருஷமா வெட்டறீங்க?"

"முப்பத்தஞ்சு."

"நான் ஒம்பது" என்றார் டாக்டர்.

கருப்பையா அவருடைய கையை வாங்கிப் பார்த்தார். உள்ளங்கையை இல்லை, விரல்களை. பிறகு காகிதத்தைக் கேட்டார். ரேகை வைக்க மை கொண்டுவந்த நர்ஸை முறைத்துவிட்டு, தமிழில் முழுப் பெயரையும் எழுதினார். நோயாளியின் சம்மதம் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள் படித்தவன் நான். இரண்டிலும் ரப்பர் மரம் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை அவரை உள்ளே கொண்டுபோனார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகில் ஊசி. ஆள் விழித்துத்தான் இருப்பார். ராமாயி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை முறுக்கிப் பிரித்து மறுபடி முறுக்கினாள். நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல யோசித்து, ஒன்றும் தோன்றாமல், டீ வாங்கி வந்தேன். சீனி இல்லாமல்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். ராமாயியிடம் நேராகப் போனார்.

"உள்ள படுத்துக்கிட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டுட்டே இருந்தார், பால் வந்துச்சா, பால் வந்துச்சான்னு. என் அசிஸ்டெண்ட், மயக்கத்துல உளர்றார்னு நினைச்சான்."

"வந்துச்சா?" என்றாள் ராமாயி.

"வந்துருச்சு. ரெண்டு விரலோட நிறுத்திட்டேன். பாதம் இருக்கு."

ராமாயி பெஞ்சில் வைத்திருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "டீ ஆறிப்போச்சுய்யா" என்றாள் என்னிடம், நான்தான் ஆறவைத்ததுபோல.

அடுத்த பத்து நாளில் எனக்கு ஆபரேஷனைப் பற்றி ஒன்று தெரிந்தது. அறுப்பது ஒரு மணி நேரம், ஆறுவதுதான் வேலை. தினமும் காலையில் கட்டுப் பிரித்து, கழுவி, மறுபடி கட்டினார்கள். சர்க்கரைக்கு வேளாவேளைக்கு ஊசி. கச்சாலுக்குப் போனபின் ஊசி மருந்தைக் கெடாமல் எங்கே வைப்பது என்று ராமாயி கேட்டாள். லயத்தில் ஃப்ரிட்ஜ் இல்லை. மண்பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈர மணல் போடக் கற்றுக்கொடுத்தார் மலையாளத்து நர்ஸ். ரப்பர் பால் விடக் கூடாது என்பதை அவரே மூன்று மொழியில் சொன்னார். "வலிச்சா வருவாங்க" என்றார் டாக்டர் என்னிடம் ஒருநாள். "இதுல வலிக்காதே. அதனால கப்பல் எத்தனை விட்டாலும் லேட்டாத்தான் வருவாங்க." சொல்லிவிட்டு, என்னையும் ஏற இறங்கப் பார்த்து, விரலில் குத்திச் சோதிக்கச் சொன்னார். முடிவு என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் இப்போது ஜிலேபி வாங்குவதில்லை.

சங்கரன் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் படுத்து, என் ரசத்தைக் குடித்து, அதனால்தான் குணமாகத் தாமதமாகிறது என்று அக்காவுக்குப் போன் செய்துகொண்டிருந்தான். நான் கஞ்சி கொடுத்துவிட்டு மத்தியானம் தப்பித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மாலை, கருப்பையாவுக்கு ஒரு புதுச் செருப்பு கொடுத்தார்கள். முன்பக்கம் தூக்கி, பாரமெல்லாம் குதிகாலில் இறங்கும்படி செய்தது. வார்டுக்குள் நாலு அடி நடக்கச் சொன்னார் டாக்டர். கருப்பையா நாலு அடி நடந்தார். நிற்கவில்லை. கதவைத் தாண்டிப் போனார். வெளியே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற நீளச் சரிவு. அதில் ஏற ஆரம்பித்தார்.

"பெரியவரே! அங்க இல்ல!" என்று நர்ஸ் கத்தினார்.

ஏறிவிட்டார். சுவரைப் பிடிக்காமல், மூச்சு வாங்க, மேலே போய் நின்று எங்களைப் பார்த்தார். எங்களுக்குக் கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. ராமாயி தட்டவில்லை. "எறங்குங்க பாப்பம்" என்றாள்.

இறங்குவதில்தான் கட்டை விரலின் அருமை தெரியும் என்பதை அன்றுதான் கண்டேன். மூன்றாவது அடியில் இடது கால் வழுக்கியது. உடம்பு முன்னால் சாய்ந்தது. டாக்டர் பாய்ந்தார். ராமாயி கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"வுடுங்க டாக்டரம்மா. மலையில நீங்க இருக்க மாட்டீங்க."

டாக்டர் நின்றார். ராமாயி நீட்டிய கையை இறக்கவில்லை.

கருப்பையா இரண்டு கையையும் விரித்து, அசையாமல் நின்றார். பிறகு மெல்ல உடம்பைத் திருப்பினார். நேராக இறங்காமல் பக்கவாட்டில், வெட்டுப்பட்ட காலை மேட்டுப் பக்கம் வைத்து, குதிகாலை ஊன்றி, நல்ல காலைக் கீழே இறக்கினார். நின்றார். மறுபடி ஒரு அடி. நண்டு நடப்பதுபோல. சட்டை முதுகு முழுக்க நனைந்துவிட்டது. அப்படியே கீழே வந்து சேர்ந்தார்.

வந்ததும் டாக்டர் குனிந்து கட்டைப் பார்த்தார். ரத்தக் கசிவு இல்லை. நிமிர்ந்து திட்ட ஆரம்பித்தார், வங்காள மொழியில். அவருக்கே மறந்துவிட்டது யாருக்குப் புரியும் என்று.

கருப்பையா அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு மனைவியிடம் சொன்னார். "ஏறிரலாம். எறங்கத்தான். முந்நூறு மரத்துக்கு அரை மணி கூடப் புடிக்கும்."

"அப்ப அரை மணி முன்னால எந்திரிங்க" என்றாள் ராமாயி.